கழற்றிப் போட்ட கார்

குரு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, மலர்விழியின் மைவி கார் பல் பிடுங்கிய வாய் மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஏசி காற்று வரும் துளைகளைச் சுற்றியிருந்த வளையங்களைக் காணோம். கியரைச் சுற்றியிருந்த சட்டத்தைக் காணோம். கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான்கள் வயரோடு வெளியே தொங்கின. கழற்றியவையெல்லாம் போர்ச்சில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் கிடந்தன. நடுவே மலர்விழி சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வளையத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குருவுக்குத் திக்கென்றது. கார் எங்கேயாவது மோதிவிட்டதா என்று கேட்டான். மோதவில்லை, வெள்ளிப் பூச்செல்லாம் உரிந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது, அதன்மேல் பச்சை நிறத்தில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டப் போகிறேன் என்றாள். கடையில் கொடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, யூடியூப் பார்த்துத் தானே செய்யப் போவதாகச் சொன்னாள்.

குரு அவளுடைய கணவன் முகுந்தனின் தம்பி. இவர்கள் வீடு கிள்ளான் ஸ்ரீ அண்டாலாஸில். அவன் இரண்டு தாமான் குடியிருப்பு தள்ளி வசித்தான். சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து, அதை இங்கே நிறுத்திவிட்டு, மைவியை எடுத்துக்கொண்டு பந்திங்கில் இருக்கும் மாமனார் வீட்டுக்கோ வேறு வேலைக்கோ போவது அவன் வழக்கம். அன்று காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான். தொங்கிய பொத்தான்களைத் தொடவும் பயந்து கையை இழுத்துக்கொண்டான்.

"இப்படி அவுத்துப் போட்ட காரை பந்திங்குக்கு எடுத்துட்டுப் போனா என் மாமனாரு சிரிப்பாரு லா, அண்ணி," என்று சொல்லிவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனான்.

மலர்விழி துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டி மறைந்தது. கார் இங்கேயே நின்றது. சனிக்கிழமை, காலை வேளை, கார் வீட்டில். இப்படி நடந்து எத்தனை மாதமாகிறது?

சட்டென்று எழுந்தாள். துடைத்ததும் துடைக்காததுமாக எல்லாத் துண்டுகளையும் அந்தந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். டக் டக்கென்று உட்கார்ந்தன. உள்ளே போய்ப் பேட்மிண்டன் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு, அம்பாங்கை நோக்கிப் புறப்பட்டாள். அந்த நிமிஷம் வரை அவள் மனத்தில் எந்தச் சூதும் இல்லை.

கார் அவள் பெயரில் இருந்தது. பல் மருத்துவர் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து சம்பாதித்து வாங்கியது. ஆனால் வாங்கிய அன்றைக்கு, கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை முடித்து வீட்டுக்கு வந்ததும், முகுந்தன் சாவியைச் சாமி படத்துக்குக் கீழே ஒரு ஆணியில் மாட்டினான். அன்று முதல் அந்தச் சாவி விபூதித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிற யாரும் கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படித்தான். முகுந்தனின் அப்பா காலத்து வேனும் அப்படித்தான் ஓடியது.

குரு கெட்டவனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவனோ எடுத்த காரைக் கழுவி, பெட்ரோல் நிரப்பி, பின்சீட்டில் ஒரு சீப்பு வாழைப்பழமோ அரைப் பலாப்பழமோ வைத்துத் திருப்பிக் கொடுக்கிறவன். மாமனாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவான். கோயிலுக்கு அரிசி ஏற்றுவான். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாற்காலி ஏற்றுவான். அவனைப் போய் என்ன சொல்லித் தடுப்பது? ஒரு தடவை முகுந்தனிடம் முனகிப் பார்த்தாள். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். சனிக்கிழமையும் விடியுமுன்னே கிளம்பிவிடுவான். "தம்பிதானே மலர்? சனிக்கிழமை நீ எங்க போகப் போற?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

எங்கே போவாள்? பேட்மிண்டன் ஆடப் போவாள். அதுதான் சங்கடமே.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாக ஆடிய நான்கு பேர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மறுபடி ஒன்று சேர்ந்திருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியையாக இருக்கும், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் சுதர்சினி, அம்பாங்கில் இருக்கும் நோராவும் மெய் லிங்கும், கிள்ளானிலிருந்து மலர்விழி. அம்பாங்கில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களுக்கென்று ஒரு கோர்ட். ரப்பர் அடிப்பாகம் வைத்த காலணியைப் போட்டுக்கொண்டு அந்தப் பச்சைத் தரையில் முதல் ஷட்டிலை அடிக்கும்போது மலர்விழிக்குப் பள்ளிக்கூட நாள் நினைவு வரும். ஒரு வாரம் முழுக்க, "உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்" என்று சொல்லிச் சொல்லி மரத்துப்போன உடம்பு அங்கேதான் விழித்துக்கொள்ளும்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் கார் வெளியே போனால், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் எந்தக் கோயில், யார் கல்யாணம் என்பார்கள். ஒருத்தர் மாமனாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகக் காத்திருக்கும்போது, எனக்குப் பந்தடிக்கப் போகக் கார் வேண்டும் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ரயிலில் போய்ப் பார்த்தாள். கொமுட்டர் பிடித்து, இறங்கி, எல்ஆர்டி மாறி, மண்டபத்தில் நுழையும்போது மற்ற மூவரும் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பல சனிக்கிழமைகளில் அதுவும் இல்லை. மூன்று பேராக நின்று ஆடிச் சலித்துப்போய், சுதர்சினி ஒரு நாள் போனில் பட்டென்று சொன்னாள்.

"மலர், நீ வாறதெண்டா வா. இல்லையெண்டா வேற ஆளைப் பாக்கிறம். இப்படி அரையும் குறையுமா வேண்டாம்."

இந்த நிலையில்தான் அவுத்துப் போட்ட கார் ஒரு சனிக்கிழமையைத் தானாக அவள் கையில் கொடுத்தது. அடுத்த சனிக்கிழமையை அவளே எடுத்துக்கொண்டாள்.

வழி எளிதாகத்தான் இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பழைய பிளாஸ்டிக் ரூலரில் துணி சுற்றி, இடுக்கில் விட்டு நெம்பி, நாலைந்து துண்டுகளைக் கழற்றிப் போடுவாள். குரு வருவான், பார்ப்பான், தலையைச் சொறிந்துகொண்டு போவான். அவன் போனதும் எல்லாவற்றையும் பொருத்திவிட்டுக் கிளம்புவாள். மத்தியானம் திரும்பி வந்து மறுபடி கழற்றிப் போடுவாள். பசை காய வேண்டும், அவசரப்பட்டால் உரிந்துவிடும் என்று முகுந்தனிடம் சொல்லி வைத்தாள். உண்மையில் அதற்கு அவ்வளவு நாள் தேவையே இல்லை.

இதில் அவள் எதிர்பாராதது, வேலை அவளுக்குப் பிடித்துப்போனதுதான். முதலில் ஒட்டிய துண்டு சுருங்கி, அவிந்த கத்திரிக்காய்த் தோல் மாதிரி இருந்தது. பிறகு கை படிந்தது. ஸ்டிக்கரைக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும். நடுவில் ஒட்டி ஓரத்துக்குத் தள்ள வேண்டும். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் துணி சுற்றித் தேய்த்தால் காற்றுக் குமிழ் ஓடிவிடும். வளைவு வரும் இடத்தில் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் அந்த முரட்டுத் தாள் துணி மாதிரி இளகும். இழுத்து, பின்பக்கமாக மடித்து, மறுபடி சூடு காட்டி அழுத்த வேண்டும். மூலையில் மடிப்பு விழாமல் ஒரு வளையத்தை முடித்த அன்று, அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரன் ஒட்டியது மாதிரியே இருந்தது.

அதையும் அடுத்த வாரம் உரித்துப் போட்டாள். வேலை முடிந்துவிட்டால் சனிக்கிழமை போய்விடுமே! நன்றாக வந்ததைத் தன் கையாலேயே உரிக்கும்போது மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் மண்டபத்தில் சுதர்சினியும் அவளும் ஜோடியாக நின்று மற்ற இருவரையும் ஓட ஓட விரட்டியபோது அந்த வலி மறந்துபோனது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தனக்குள் சிரித்தும் கொண்டாள்.

குடும்பம் பேச ஆரம்பித்தது. ஒரு வீட்டையே கட்டி முடித்திருக்கலாம் என்றான் முகுந்தன். அண்ணிக்குப் பொறுமை அதிகம் என்று குருவின் மனைவி சொன்னதாகச் செய்தி வந்தது. குருவோ இரக்கப்பட்டுவிட்டான். வினை அங்கேதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை, வழக்கத்துக்கு முன்பாகவே அவன் வண்டி வாசலில் நின்றது. தோளில் ஒரு பை. உள்ளே சூடு காட்டும் ஹீட் கன், ரப்பர் ஓரம் வைத்த தேய்ப்பான், புதுக் கத்தி. காப்பாரில் விளம்பரப் பலகை செய்யும் நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். வாரம் முழுக்க வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னான். அண்ணி ஒருத்தியாகக் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியவில்லையாம். இன்றைக்கு இரண்டு பேருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டால், மத்தியானம் அவனும் மனைவியும் பந்திங்குக்குப் போய்வரவும் காராச்சு.

மலர்விழி வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் கையும் மெத்தனமான கையல்ல. அவள் வாரக்கணக்கில் இழுத்தடித்த கியர் சட்டம், கதவுத் தகடுகள், வளையங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சை உடுத்திக்கொண்டு எழுந்தன. அவள் உள்ளே போய், நேரமாகும் என்று சுதர்சினிக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: நோராவின் நாத்தனார் மண்டபத்துக்கு வந்திருக்கிறாள், நன்றாக ஆடுகிறாள், நீ வராவிட்டால் இனி அவளையே சேர்த்துக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரே ஒரு துண்டு மிச்சம். பயணி சீட்டுக்கு முன்னால், டேஷ்போர்டின் குறுக்கே போகும் நீளப் பட்டை. அதை ஒருத்தர் ஒட்ட முடியாது. ஒருத்தர் தாளை இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் சூடு காட்டித் தேய்க்க வேண்டும். மலர்விழி இதுவரை அதை ஒட்டாமல் வைத்திருந்ததும் அதனால்தான்.

குரு பட்டையைப் போர்ச்சில் கிடந்த மேசைமேல் வைத்தான். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு காகித மடிப்பை எடுத்தான். காலையில் கோயிலில் வாங்கிய விபூதி. பெரிய துண்டு, சாமியை நினைத்து ஆரம்பிப்போம் என்று சொல்லி, மூன்று விரலால் பட்டையின் முகத்தில் குறுக்கே இழுத்தான். நடுவில் குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு. கண்ணை மூடி ஒரு வினாடி நின்றான்.

மலர்விழி அந்த மூன்று கோடுகளைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். பார்க்க அழகாக உட்காரும். கார் ஒரு மத்தியானம் வெயிலில் நின்றால் நடுவிலிருந்து உப்பிக்கொண்டு எழும்பிவிடும். கார் வாங்கிய அன்று ஐயர் வைத்த சந்தனம் அந்தப் பட்டையின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததையே, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தாள். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பட்டை உரியும். கார் மறுபடி கழற்றப்படும். பழி விபூதியின் மேல் போகும். சாமியை யார் குறை சொல்லப் போகிறார்கள்?

குரு தாளின் பின்பக்கக் காகிதத்தை உரித்துக்கொண்டே, மாமனாரிடம் இதைக் காட்டி இதெல்லாம் எங்கள் அண்ணி செய்தது என்று சொல்லப் போவதாகச் சொன்னான். தான் சும்மா பிடித்துக்கொண்டதோடு சரியாம்.

அவள் தாளின் மறு முனையைப் பிடித்தாள். இது உரிந்தால் அடுத்த சனிக்கிழமையும் இவன் வருவான். இன்னும் விடியற்காலையில், இன்னும் பெரிய பையோடு வருவான். இந்தப் போர்ச்சில், இந்த மேசைக்கு முன்னால், இவனோடு சேர்ந்து ஸ்டிக்கர் ஒட்டியே சனிக்கிழமைகள் போகும். அம்பாங்கில் நோராவின் நாத்தனார் ஆடிக்கொண்டிருப்பாள்.

"குரு, அதைத் துடைச்சிடு."

"எதை அண்ணி?"

"விபூதியை. அதுக்கு மேல இது ஒட்டாது. சாயங்காலத்துக்குள்ள எழும்பி வந்துடும்."

"சாமி விபூதி அண்ணி."

"சாமி கோவிச்சுக்காது. பசைதான் கோவிச்சுக்கும்."

அவன் சிரித்துவிட்டான். ஒரு கையால் தாளைப் பிடித்தபடியே மறு கையால் விபூதியை வழித்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டான். அவள் ஸ்பிரிட் துணியால் பட்டையை இரண்டு தடவை துடைத்தாள். துடைத்து முடித்து, தாளை மறுபடி இரு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னைக்குக் கார் எனக்கு வேணும்."

எங்கே போக வேண்டும் என்று கேட்டு, தானே கொண்டுபோய் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னான் குரு. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அம்பாங்குக்கு. பேட்மிண்டன் ஆட. இன்னைக்கு மட்டும் இல்ல, எல்லாச் சனிக்கிழமையும். இந்த வளையத்தை நான் மூணு தடவை ஒட்டி மூணு தடவை உரிச்சிருக்கேன், குரு. ஒட்டத் தெரியாம இல்ல. முடிஞ்சா நீ எடுத்துட்டுப் போயிடுவேன்னுதான்."

தாள் இருவர் கையிலும் விறைத்து நின்றது. குரு வளையத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது.

"அப்ப இத்தனை வாரமும் என்னைப் போக விட்டுட்டு..."

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீ கேட்டிருக்கலாமே."

இருவருக்குமே தாளைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்திருக்கும். ஆனால் பின்காகிதம் உரித்த தாளைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் தூசு ஏறும். மடிந்தால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஆகவே கோபமும் வெட்கமுமாக இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் குரு கண்ணால் பட்டையைக் காட்டினான். அவள் தன் முனையைத் தாழ்த்தினாள். நடுவில் பட்டது. அவன் தேய்ப்பானால் தள்ளினான், அவள் இழுத்துக்கொடுத்தாள். அவன் சூடு காட்டினான். அவள் மூலையை மடித்தாள். எங்கே அதிகமாக இழுக்கிறாள் என்று அவனுக்கும், எங்கே சூடு போதாது என்று அவளுக்கும் கையாலேயே தெரிந்தது. முடிந்தபோது அந்த நீளத்தில் ஒரு குமிழ்கூட இல்லை.

பட்டையைக் காரில் பொருத்தி அழுத்தினார்கள். வெளிச்சம் அதன்மேல் விழுந்து பளிச்சென்று அடிக்காமல், வாழை இலையின் பின்புறம் மாதிரி அடங்கித் தெரிந்தது. குரு அதைத் தடவிப் பார்த்தான். பையில் சாமான்களை எடுத்து வைத்தான். அவள் கலக்கி வைத்திருந்த மைலோவைத் தொடவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், கிளப்பாமல் திரும்பினான்.

"நீங்க ஜெயிப்பீங்களா?"

"பாதி நாள்," என்றாள் மலர்விழி.

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். கோபமாகத்தான் போனான். அம்பாங்குக்குப் போகும் நெடுஞ்சாலை முழுக்க அவன் காது மடல் சிவந்ததுதான் அவள் கண்ணில் நின்றது. இருந்தும் காரைத் திருப்பத் தோன்றவில்லை.

மண்டபத்தில் நுழைந்தபோது நோராவின் நாத்தனார் அவள் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். நன்றாகவே ஆடினாள். மலர்விழி பெஞ்சில் உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஆட்டம் முடிந்ததும் சுதர்சினி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"அடுத்த வாரம் வாறியோ? இல்லையெண்டா இந்தப் பிள்ளையிட்ட சொல்லிப்போடுவன்."

"வருவேன்."

"முந்தியும் இப்பிடித்தான் சொன்னனீ."

"அப்ப வீட்டுல சொல்லல. இன்னைக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

சுதர்சினி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஷட்டிலை அவள் மடியில் போட்டாள்.

எழுந்திருக்கும்போது போன் மினுங்கியது. குரு. மாமனார் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டோம் என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான் என்று அவள் நினைத்தபோது இன்னொன்று வந்தது: "அண்ணி, நாளைக்கு மாமனாரைக் கோயிலுக்குக் கூட்டிப் போகணும். கார் கிடைக்குமா?"

அந்தக் கேள்வியை அவள் இரண்டு தடவை படித்தாள். நாளைக்கு அவளுக்கு வெளி வேலை எதுவும் இல்லை. ஆனாலும் உடனே பதில் போடவில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய், வியர்த்து வழிய ஆடி, இரண்டு புள்ளியில் தோற்று, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகுதான் எழுதினாள்: "எடுத்துக்க. மத்தியானத்துக்கு மேல எனக்கு வேணும்."

எதற்கு வேண்டும் என்று அவளுக்கே இன்னும் தெரியாது.